யார் வைத்த மம்முட்டி

பூவம்மாளைப் பற்றிப் பேச்சு வந்தால், "பாவம், நல்ல மனுஷி" என்று யாராவது ஆரம்பிப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவள் பாவமும் இல்லை, நீங்கள் நினைக்கிற மாதிரி சாதுவும் இல்லை. வாய் நீளம். கோபம் மூக்கு நுனியில் உட்கார்ந்திருக்கும். அந்தக் கோபத்தில் கால்பங்கு எனக்கு இருந்திருந்தால், நான் இப்போது இதை இவ்வளவு வயிற்றெரிச்சலோடு சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன்.

எளாவூருக்கு மேற்கே, ரயில் பாதையைத் தாண்டி, வரப்பில் இரண்டு மைல் நடந்தால் அவளுடைய ஊர். பெயர் சொல்லப் போவதில்லை. அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் 1951 முதல் மூன்று வருஷம் நான் உதவி டீச்சர். என் பெயர் கிரேஸ். வயசு இருபத்திமூன்று, வீட்டில் என் சம்பளத்தை நம்பி நாலு பேர். வரதன் என்று ஒரு தலைமை ஆசிரியர். ஒரே ஒரு கூடம், நடுவில் ஒரு தட்டி. தட்டிக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான்.

பூவம்மாளுக்குப் பிறந்த ஊர் புதுவாயல் பக்கம். பதினாலு வயசில் கட்டிக்கொடுத்தார்கள். புருஷன் சுப்பிரமணி மதராஸ் துறைமுகத்துக்கு மூட்டை தூக்கப் போகிறேன் என்று கிளம்பினான். போனவன் போனவன்தான். ஒரு வருஷம் பார்த்தாள். அப்புறம் ஒரு நாள் காலையில், அவன் விட்டுப்போன மம்முட்டியை எடுத்தாள். அவன் உயரத்துக்குப் போட்ட காம்பு அது. ஒரு சாண் அறுத்து எறிந்துவிட்டுத் தன் உயரத்துக்கு ஆக்கிக்கொண்டாள். அதுவரைக்கும் அந்த ஊரில் ஆண்பிள்ளை வெட்டுவான், பெண்பிள்ளை கூடையில் அள்ளிக்கொண்டு போய்க் கொட்டுவாள். இவள் கூடையைத் தூக்கி மூலையில் போட்டுவிட்டு வரப்பு வெட்டப் போனாள்.

"பொம்பள மம்முட்டி புடிச்சா மயை பெய்யாது" என்றார்களாம்.

"நீங்க புடிச்சிக்கினு இருந்தப்ப மட்டும் கொட்டோ கொட்டுனு கொட்டிச்சா?" என்று கேட்டாளாம். அதோடு அந்தப் பேச்சு நின்றது. அவள் கட்டின வரப்பு கரைந்ததில்லை. அதனால் வேலைக்குக் கூப்பிட்டார்கள்.

அவளுக்கு ஒரே மகள், கன்னியம்மாள். ஐந்தாம் வகுப்பு. என் வகுப்பு. படிப்பில் படு சூட்டிகை. "இவ ஆறாவது போவணும் டீச்சரம்மா. அதுக்கு மேல இன்னா இன்னா வகுப்பு கீதோ அல்லாத்துக்கும் போவணும்" என்று பூவம்மாள் என்னிடம் வாரத்துக்கு ஒரு தடவையாவது சொல்லுவாள். ஆறாம் வகுப்புக்கு வெளியூர் போக வேண்டும். அதற்கு வரதன் கையெழுத்துப் போட்ட சர்ட்டிபிகேட் வேண்டும். அந்தக் கையெழுத்தில்தான் வந்தது வினை.

1953 ஜூனில் புதுப் படிப்புத் திட்டம் வந்தது. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் மூன்று மணி நேரம் போதும், மீதி நேரம் அப்பன் ஆயி செய்கிற தொழிலைக் கற்றுக்கொள்ளட்டும் என்றார்கள். ராஜ்யம் முழுக்க அதைப் பற்றிச் சண்டை. எங்கள் ஊருக்கு அந்தச் சண்டை, கடைக்காரர் வெல்லம் மடித்துக் கொடுக்கிற பழைய பேப்பரில்தான் வந்து சேர்ந்தது.

வரதனுக்குக் கொண்டாட்டம். மேலிடத்து உத்தரவில் இல்லாத ஒன்றைத் தன் மூளையிலிருந்து எடுத்து அதில் சேர்த்துக்கொண்டார். இரண்டு பட்டியல் போடுவார். ஒன்று படிப்புப் பட்டியல், ஒன்று தொழில் பட்டியல். தொழில் பட்டியலில் ஏறின பிள்ளை ஐந்தாவதோடு சரி. சொந்த நிலம் இல்லாத கூலிக்காரர் பிள்ளைக்கு வீட்டில் தொழில் பழக ஏது இடம்? ஆகவே அவை பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கிற கத்திரித் தோட்டத்தில் பழகலாம். தோட்டம் யாருடையது? அவருடையதுதான். காய் யார் வீட்டுக்குப் போகும்? அதையும் நான் சொல்ல வேண்டுமா?

ஆரம்பத்தில் கன்னியம்மாள் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. அவளை அதில் கொண்டுபோய்ச் சேர்த்தது நான். மனமறிந்து செய்யவில்லை. ஆனாலும் செய்தது நான்தான்.

செப்டம்பரில் ஒரு நாள் சொற்கள் எப்படி உண்டாகின்றன என்று பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். கருவிகளுக்குப் பெரும்பாலும் அவை செய்கிற வேலையே பெயராக வந்திருக்கும். களையைக் கொத்துவது களைக்கொத்து. அரிகிற வாள் அரிவாள். மண்ணை வெட்டுவது மண்வெட்டி. பலகையில் எழுதிவிட்டு, "நாம் வீட்டில் என்ன சொல்கிறோம்?" என்று கேட்டேன். "மம்முட்டி!" என்று வகுப்பே கத்தியது. அதுதானே உண்மை. மண்வெட்டி என்று அவசரமாகப் பத்துத் தடவை சொல்லிப் பாருங்கள். ண்ணும் வ-வும் இடித்துக்கொள்ளும் இடத்தில் உதடு இரண்டும் ஒட்டிக்கொண்டு 'ம்ம' ஆகிவிடும். தெற்கே மம்பட்டி என்பார்கள், இங்கே மம்முட்டி. நாள் முழுக்க அதைப் பிடித்து வேலை செய்கிறவன் வாயில் புழங்கிப் புழங்கித் தேய்ந்த சொல் அது. தேய்ந்திருந்தாலும் தப்பு ஒன்றும் இல்லை என்று சொன்னேன்.

கன்னியம்மாள் எழுந்தாள். "டீச்சர், மண்ணை வெட்டுவது மண்வெட்டின்னு எய்தியிருக்கீங்க. அது எங்கூட்டு மூலையில சும்மா சாஞ்சிக்கினு கீது. அதுவா வெட்டுது? எங்கம்மா இல்ல வெட்டுது?"

பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்கு ஒரே பெருமை. "சபாஷ்!" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். இத்தனை நாள் அந்தப் பாடம் எடுத்தும் எனக்கே தோன்றாத கேள்வி அது.

தட்டிக்கு மேலே வரதனின் தலை எழும்பியது. "இவ்வளவு தெரிந்தவள் பலகையைப் பார்த்துக்கொண்டு ஏன் உட்கார்ந்திருக்க வேண்டும்? அம்மாள் வெட்டுகிறாள், மகளும் வெட்டட்டும். தொழில் பட்டியலில் ஒரு பெயர் குறைகிறது" என்றார். அடுத்த நாளே எழுதிவிட்டார்.

நான் என்ன செய்தேன்? தலையைக் குனிந்துகொண்டு வருகைப் பதிவேட்டைப் புரட்டினேன். தூ! இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு என் மேலேயே காறித் துப்ப வேண்டும்போல இருக்கிறது.

பெயர் ஏறின அன்று சாயங்காலமே பூவம்மாள் வந்துவிட்டாள், முழங்கால் வரைக்கும் சேற்றோடு. வரதன் அவளை வாசற்படி ஏறவிடவில்லை. அவள் கீழேயே நின்று, "ஐயா, எம்பொண்ணு பேர அந்த லிஸ்ட்டுலேர்ந்து எடுத்துடுங்க" என்றாள்.

"சரஸ்வதி பூஜைக்கு எல்லாரும் வாருங்கள், அப்போது தெரியும்" என்றார் வரதன்.

அவருடைய திட்டம் எனக்கு அப்புறம்தான் புரிந்தது. பட்டியலில் பஞ்சாயத்துப் பிரசிடெண்ட் சடையப்பன் கையெழுத்துப் போட வேண்டும். பெற்றவர்கள் வாயும் மூடியிருக்க வேண்டும். அதற்குச் சாமியை இழுத்துக்கொண்டார். பூஜையன்று பள்ளிக்கூடத்தில் படிக்கிற பிள்ளை புத்தகம் வைக்கும், தொழில் பட்டியலில் உள்ள பிள்ளை தன் வீட்டுக் கருவியை வைக்கும். மறுநாள் விஜயதசமியில் எது வைத்ததோ அதை எடுக்கும். எடுத்ததுதான் அந்தப் பிள்ளைக்கு. சரஸ்வதியே கொடுத்த பிறகு எவன் கேட்பான்? சடையப்பனுக்கும் சந்தோஷம். நாற்பது காணி வைத்திருக்கிறவருக்கு, கத்திரித் தோட்டம் போக மீதிப் பொழுதில் பதினோரு ஜோடிச் சின்னக் கைகள் சும்மா கிடைத்தால் கசக்குமா?

பூஜை நாளில் கூடத்தைக் கழுவி, மாவிலை கட்டி, நடுவில் மணைப்பலகை போட்டிருந்தார்கள். யார் எதை எடுக்கிறார்களோ அதுதான் அவர்களுக்கு, அது சரஸ்வதி கொடுப்பது என்று வரதன் முதலிலேயே எல்லாருக்கும் சொல்லிவிட்டார். பத்துப் பிள்ளைகள் பத்துக் கருவி வைத்தன. அரிவாள், களைக்கொத்து, உளி. வைக்கும்போது ஒரு பையன் அழுதான். அவன் அப்பன் அவன் மண்டையில் ஒரு தட்டுத் தட்டினான்.

பூவம்மாள் மகளைக் கூட்டிக்கொண்டு கடைசியாக வந்தாள். கன்னியம்மாள் கையில் சிலேட்டும் தமிழ்ப் புத்தகமும். நேரே போய்ப் புத்தகக் குவியலில் வைத்துவிட்டாள்.

"ஏய், நான் என்ன சொன்னேன்? மண்வெட்டி எங்கே?" என்றார் வரதன்.

"என் மம்முட்டிய என் ஊட்ல வெச்சி நான் கும்புட்டுக்கினேன் ஐயா. அது என்னுது. அவுளுது பொஸ்தகம்."

வரதனின் முகம் சிவந்துவிட்டது. சிலேட்டையும் புத்தகத்தையும் குவியலிலிருந்து உருவி வெறுந்தரையில் வைத்தார். பிறகு விறுவிறுவென்று பின்பக்கம் போய், தோட்டத்துக்காகப் புதிதாக வாங்கியிருந்த மண்வெட்டியைத் தூக்கிவந்தார். இன்னும் மண் படாத தகடு. சந்தனம் தடவி, குங்குமம் வைத்து, ஒரு துண்டுக் காகிதத்தில் 'கன்னியம்மாள்' என்று எழுதி ஒட்டினார்.

"நீங்களா வெக்கிறீங்க ஐயா?" என்று கேட்டாள் பூவம்மாள்.

"ஆமாம்."

"உங்க கையாலயா?"

"ஆமாம் என்கிறேனே! நான்தான் வைக்கிறேன். என்ன செய்துவிடுவாய்?" என்று சொல்லி எல்லாக் கருவிக்கும் மேலே அதை வைத்தார்.

பூவம்மாள் மகள் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள். எனக்கு ஆத்திரமான ஆத்திரம். அவர் மேல் மட்டும் இல்லை, அவள் மேலும். ஊரெல்லாம் வாய் காட்டுகிறவள், இங்கே வந்து அடங்கிவிட்டாளே! நான் வேதக்காரி, சர்ச்சுக்குப் போகிறவள். பூஜை வழக்கம் எனக்கு முழுசாகத் தெரியாது. அதனால் அவள் எதற்காக இரண்டு தடவை கேட்டாள் என்று எனக்கு விளங்கவில்லை. வரதனும் டவுனில் பிறந்து வளர்ந்தவர். புத்தகம் வைத்துக் கும்பிட்ட வீட்டுப் பிள்ளை. அவருக்கும் விளங்கவில்லை.

விஜயதசமி காலையில் ஊரே கூடிவிட்டது. நாற்காலியில் சடையப்பன், பக்கத்தில் மேஜை மேல் பட்டியல், பேனா. வரதன் கற்பூரம் காட்டி முடித்துவிட்டு, "மேலே இருப்பதிலிருந்து ஆரம்பிக்கலாம். கன்னியம்மாள்! வந்து மண்வெட்டியை எடு" என்றார்.

பிள்ளை நகரவில்லை. அவளுக்கு முன்னால் பூவம்மாள் வந்து நின்றாள்.

"அவ எப்படி எடுப்பா? வெச்சது நீங்க. நீங்கதான் எடுக்கணும்."

"என்ன உளறல் இது?"

"உளறல் இல்ல ஐயா. ஊருக்கே தெரியும், கேட்டுப் பாருங்க. பூசைல வெச்ச ஆய்தத்த வெச்ச கைதான் எடுக்கணும். எடுத்து மூணு வெட்டு வெட்டணும். மண்ணு பெயரணும். அது ஆவாத வரிக்கும் அதுக்கு அடியில கீற எதையும் யாரும் தொடக் கூடாது."

வரதன் சிரித்தார். சடையப்பனைப் பார்த்து, "கேட்டீர்களா பிரசிடெண்ட்" என்றார். சடையப்பன் சிரிக்கவில்லை. கூட்டத்தில் இருந்த குடியானவர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு கிழவர், "வாஸ்தவந்தானே?" என்றார். "அது வயக்கந்தான்" என்றார் இன்னொருத்தர். ஐப்பசி பிறந்தாயிற்று, மழை இன்னும் இறங்கவில்லை, சம்பா காய்ந்துகொண்டிருக்கிறது. இந்த நேரத்தில் ஆயுத பூஜை வழக்கத்தைத் தட்டிவிட்டு வீட்டுக்குப் போக அவர்களில் ஒருத்தருக்கும் தைரியம் இல்லை. பூவம்மாளுக்காக ஒருத்தரும் வாய் திறக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பேசினது எல்லாம் பயிருக்காக.

"வெச்சது நீங்கதானே வாத்தியாரே? பேஜாரு பண்ணாம எடுத்து மூணு வெட்டு வெட்டிட்டு வாங்க. மத்தவங்க அருவா எல்லாம் அடியில கெடக்குது" என்றார் சடையப்பன்.

வரதன் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு முற்றத்தில் இறங்கினார். பள்ளிக்கூடத்து முற்றம், பிள்ளைகள் மிதித்து மிதித்து இறுகிக் கிடந்தது. ஓங்கி ஒரு போடு போட்டார். டணங்கென்று சத்தம் கேட்டது. தகடு எகிறியது, மண் கீறக்கூட இல்லை.

"பெயரல ஐயா. அது சேராது" என்றாள் பூவம்மாள்.

இன்னொரு போடு. காம்பை நுனியில் பிடித்திருந்தார், கால் இரண்டையும் சேர்த்து வைத்திருந்தார். கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பூவம்மாள் சிரிக்கவில்லை. "காலை அகட்டி நில்லுங்க. இந்தக் கைய இன்னும் எறக்கிப் புடிங்க. தோள்ல வெட்டாதீங்க, முதுக வளைங்க" என்றாள். சத்தியமாகச் சொல்கிறேன், கேலியாகச் சொல்லவில்லை. கூட வேலை செய்கிற ஆளுக்குச் சொல்கிற மாதிரி சொன்னாள். அதுதான் வரதனுக்கு இன்னும் எரிந்தது.

மூன்று கட்டி பெயர்வதற்குப் பதினாலு போடு ஆயிற்று. நான் எண்ணினேன். ஒவ்வொரு போடுக்கும் என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது; அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. வேர்த்து ஊற்ற, உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே வந்தார். இரண்டு கொப்புளம். மண்வெட்டியைச் சுவரில் சாத்திவிட்டு, "ஆயிற்றா? இனி அடுத்தது" என்றார்.

"எங்க ஆச்சி? நேத்து நீங்க இன்னா சொன்னீங்க? யாரு எத எடுக்கிறாங்களோ அதுதான் அவங்களுக்குன்னு சொன்னீங்க இல்ல? சரஸ்வதி குடுக்கிறதுன்னு சொன்னீங்க. மம்முட்டிய எடுத்தது யாரு? எய்துங்க. லிஸ்ட்டுல மொத பேரு."

வரதன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். பூவம்மாள் திரும்பினாள். தரையில் நேற்றிலிருந்து கிடந்த சிலேட்டை எடுத்து மகள் கையில் கொடுத்தாள்.

"அவுரு எய்த மாட்டாரு. நீ எய்து."

கன்னியம்மாள் என்னைப் பார்த்தாள். நான் எங்கேயோ பார்த்தேன். அவள் தரையில் உட்கார்ந்து பலப்பத்தை எச்சில் தொட்டு எழுதினாள். எழுந்து, இரண்டு கையாலும் சிலேட்டை நெஞ்சுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். 'தொழில் பட்டியல். 1. வரதன். மண்வெட்டி.' அழுத்தமான எழுத்து. பின்வரிசையில் இருந்தவர்களுக்கும் தெரிந்தது. படிக்கத் தெரிந்த இரண்டு பேர் படித்துச் சொன்னார்கள். சிரிப்பு வெடித்தது. நேற்று அழுத பையனும் சிரித்தான், அவன் மண்டையில் தட்டின அப்பனும் சிரித்தான்.

சடையப்பன் பேனாவை மூடினார். "இன்னாய்யா எளவு இது! இதுல நான் கையெத்துப் போட்டா நாளைக்கு எளாவூரு செக் போஸ்டுல நிக்கிற லாரிக்காரன் வரிக்கும் என்னப் பாத்து இளிப்பான்" என்று சொல்லிப் பட்டியலை நாலாய்க் கிழித்தார். நல்ல மனசு என்று யாரும் நினைக்க வேண்டாம். அவருக்கு அவர் மானம். அந்த மாசத்திலிருந்து பூவம்மாளைத் தன் நிலத்தில் கால் வைக்க விடவில்லை அவர். அப்புறம் அவள் தினமும் எளாவூரையும் தாண்டி நடந்து, தெரியாத ஊர்க்காரர்களின் வரப்பை வெட்டித்தான் மகளை ஆறாவதுக்கு அனுப்பினாள். அடுத்த வருஷம் அந்தத் திட்டமே போய்விட்டது. வரதன் போகவில்லை, அதே நாற்காலி, அதே தட்டி. எனக்கு மாற்றல் வந்தது. இதெல்லாம் பிற்பாடு.

அன்றைக்கு நடந்தது இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. காகிதத் துண்டுகள் தரையில் பறந்துகொண்டிருந்தன. பத்துப் பிள்ளைகளும் இன்னது செய்வதென்று தெரியாமல் நின்றன. வரதன் பல்லைக் கடித்துக்கொண்டு என்னையே பார்த்தார். என் வேலை அவர் பேனாவில் இருந்தது. என்ன எதிர்பார்த்தார் என்று எனக்குத் தெரியும்: அந்தச் சிலேட்டைப் பிடுங்கி நான் அழிக்க வேண்டும். பூவம்மாள் சிலேட்டின் பக்கம் குனிந்தாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. எழுத்தில் படாமல் ஒவ்வொன்றின் மேலும் விரலை ஓட்டிப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, கூட்டத்துக்கு முன்னால் என்னிடம் கேட்டாள்.

"டீச்சரம்மா, எம்பொண்ணு தப்பில்லாம எய்திக்கிறாளா?"

"ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை, பூவம்மா" என்றேன். வரதனுக்குக் கேட்கிற மாதிரி சொன்னேன். அந்த ஒரு மாசத்தில் அந்தப் பிள்ளைக்காக நான் வாய் திறந்தது அப்போதுதான்.